ரத்தவெறியும் ரத்த மயக்கமும்

நம்முடைய சிறுகதைகளில் கொலை நடக்கும் இடம் நெருங்கும்போது எனக்கு ஒரு பயம் வந்துவிடும். கத்தியை நினைத்து இல்லை, அடுத்து வரப்போகும் வாக்கியத்தை நினைத்து. "அவனுக்குள் உறங்கிக்கொண்டிருந்த மிருகம் விழித்துக்கொண்டது." சொற்கள் கொஞ்சம் முன்பின் மாறலாம். சில கதைகளில் மிருகம் உறுமும், சிலவற்றில் சங்கிலியை அறுக்கும். எப்படியானாலும் அடுத்த மூன்று வரியில் ஆள் செத்துவிடுவான். கொன்றவன் ஏன் அங்கே வந்தான், யாரோடு வந்தான், கத்தியை எங்கே வாங்கினான் என்பதெல்லாம் அதோடு தேவையில்லாமல் போய்விடும். கொன்றது மிருகம்தானே, அதனிடம் போய் யார் விசாரிப்பது?

பாயான் பாருவில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி எழுதியதை வாசித்துக்காட்டுகிறோம். பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், இரவு வேலை முடித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே இந்த வாக்கியத்தைப் பற்றி ஒருமுறை நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். கதையை எழுதிய தம்பி அசரவில்லை. "அண்ணே, இது உவமை இல்லண்ணே. சயின்ஸே அப்படித்தான் சொல்லுது. கொல்றது நம்ம டி.என்.ஏ.லயே இருக்கு" என்றான். சிம்பன்சிகள் இன்னொரு சிம்பன்சியைக் கிழித்துக் கொல்லும் காணொளியையும் கைப்பேசியில் காட்டினான்.

இதைச் சும்மா தட்டிவிட்டுப் போக முடியாது. ஒரு கதாசிரியன் தன் வாக்கியத்துக்குச் சாட்சியாக அறிவியலைக் கூப்பிட்டால், விமர்சகன் அந்தச் சாட்சியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மனிதன் பிறவிக் கொலைகாரன் என்ற எண்ணம் நம் காலத்தில் பரவியதற்கு ஒரு குழந்தையின் மண்டையோட்டிலிருந்து கதை சொல்லலாம். 1924-ல் தென்னாப்பிரிக்காவின் தாவுங் என்ற இடத்தில் கிடைத்தது அது. மனிதக் குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் இனம். 1925-ல் அதை உலகுக்கு அறிவித்தவர் ரேமண்ட் டார்ட். அதே நாட்டுக் குகைகளில் உடைந்து குவிந்துகிடந்த எலும்புகளைப் பார்த்து, நம் முன்னோர் எலும்பையே ஆயுதமாக்கி வேட்டையாடியவர்கள், ஒருவரையொருவர் அடித்துக் கொன்றவர்கள், அந்தக் கொலைத் தொழிலே நம்மை மனிதனாக்கியது என்று 1953-ல் எழுதினார். நாடக ஆசிரியரான ராபர்ட் ஆர்ட்ரி அதை எடுத்து 1961-ல் 'ஆப்பிரிக்கன் ஜெனிசிஸ்' என்ற நூலாக்கி ஊரெல்லாம் பரப்பினார். 1968-ல் வந்த குப்ரிக்கின் '2001' படத்தின் தொடக்கத்தில் எலும்பைத் தூக்கி அடிக்கும் குரங்கு இந்த எண்ணத்தின் பிள்ளைதான்.

அப்புறம் சி. கே. பிரெய்ன் என்பவர் பொறுமையாக உட்கார்ந்து அந்த எலும்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பெரும்பாலானவை சிறுத்தை போன்ற விலங்குகள் தின்று போட்டவை என்று தெரிந்தது. நம் முன்னோர் அங்கே வேட்டைக்காரர்கள் இல்லை, வேட்டையாடப்பட்டவர்கள். தாவுங் குழந்தையையே ஒரு பெரிய கழுகு தூக்கிப்போயிருக்க வேண்டும் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கொலைகாரப் பரம்பரையின் முதல் முகம் என்று காட்டப்பட்டது ஒரு கழுகின் சாப்பாடு.

சரி, சிம்பன்சி? அது உண்மைதான். தான்சானியாவின் கோம்பேயில் 1974-க்கும் 1978-க்கும் இடையே ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன இன்னொரு கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்ததை ஜேன் குடாலின் குழு பதிவுசெய்தது. 2014-ல் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பதிவுகளைத் தொகுத்து வந்த ஓர் ஆய்வு, நேரில் பார்த்தது, ஊகித்தது, சந்தேகித்தது எல்லாம் சேர்த்து 152 கொலைகளைக் கணக்குக் காட்டியது. (அதே ஆய்வில் 4 போனபோ கூட்டங்களில் சந்தேகத்துக்குரியது ஒன்றே ஒன்று. சிம்பன்சி எவ்வளவு நெருக்கமோ அதே அளவுக்குப் போனபோவும் நமக்கு நெருக்கம். ஆனால் போனபோ காணொளியை யாரும் கைப்பேசியில் காட்டுவதில்லை.)

அந்தக் கொலைகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். எல்லை ஓரமாக ஆண் சிம்பன்சிகள் சத்தமில்லாமல் வரிசையாகப் போகும். வழக்கமான கூச்சல் இருக்காது. நின்று கேட்கும், மோப்பம் பிடிக்கும். எதிரே பெரிய கூட்டம் என்றால் திரும்பிவிடும். தனியாக ஒன்று மாட்டினால்தான் பாயும். அந்த ஆய்வின்படி தாக்கியவை எட்டு என்றால் மாட்டியது ஒன்று, இதுதான் நடுத்தர விகிதம். இதில் வெறி எங்கே இருக்கிறது? கணக்குத்தான் இருக்கிறது. ரிச்சர்ட் ராங்கம் 2019-ல் எழுதிய நூலில் வன்முறையை இரண்டாகப் பிரிக்கிறார்: கொதித்து எழுவது ஒன்று, திட்டம்போட்டுச் செய்வது இன்னொன்று. மற்ற விலங்குகளோடு ஒப்பிட்டால் மனிதனிடம் முதலாவது மிகக் குறைவு, இரண்டாவது மிக அதிகம் என்பது அவர் வாதம். பேருந்தில் முன்பின் தெரியாத நாற்பது பேர் இடித்துக்கொண்டு நின்று, காயமில்லாமல் இறங்குகிறோம். நாற்பது சிம்பன்சிகளால் அது ஆகாது.

தொல்காப்பியருக்கு இது தெரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. புறத்திணையில் முதலில் வருவது வெட்சி, ஆநிரை கவர்வது. அதன் துறைகளை வரிசையாகப் பார்த்தால் படை புறப்படும் ஓசை, ஊர்ப் பக்கம் நின்று நற்சொல் கேட்பது, ஒற்றர் கண்ணில் படாமல் போவது, உளவறிவது என்று ஒரு செயல்திட்டம் மாதிரியே இருக்கும். எந்தத் துறையிலும் உள்ளே உறங்கும் மிருகம் விழிப்பதில்லை. பூவைச் சூடிக்கொண்டு, நேரம் பார்த்துப் போகிறார்கள்.

ஆக மிருகம் விழித்தது என்ற வாக்கியம் மனிதனைப் பற்றித் தவறு என்பது இருக்கட்டும், மிருகத்தைப் பற்றியே தவறு. ஆனால் இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம். அந்த வாக்கியம் அறிவியலுக்குள்ளேயே ஒருமுறை நுழைந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்துக் காட்டிலிருந்து.

பினாங்குப் பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டரை மணி நேரம் போனால் தாப்பா. அங்கிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கும் வழியில், பெத்தாயும் டுரியானும் தேனும் வைத்து விற்கும் பூர்வகுடிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரை நிறுத்தி விலை பேசியும் இருப்பீர்கள். அவர்களில் பெரும்பாலோர் செமாய்கள். பேராக்கிலும் பகாங்கிலும் இன்று ஐம்பதாயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். ராபர்ட் டென்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் அவர்களோடு தங்கி, 1968-ல் ஒரு சின்ன நூல் எழுதினார். தலைப்பிலேயே செமாய்களை 'மலாயாவின் வன்முறையற்ற மக்கள்' என்று அறிவித்துவிட்டார்.

நூல் நன்றாகவே இருக்கும். பிள்ளையை அடிப்பதில்லையா என்று கேட்டால், அடித்து அது செத்துப்போனால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்கும் பெற்றோர்கள் வருகிறார்கள். சண்டை வந்தால் இரண்டு தரப்பையும் உறவுக்காரர்களையும் தலைவர் வீட்டில் உட்காரவைத்து, யாருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகும்வரை பேசவிடுகிறார்கள். ராத்திரி முழுக்கப் போகும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மலாயின் 'பிச்சாரா'வோடு உறவுள்ள சொல். நம்முடைய பஞ்சாயத்தில் தீர்ப்பு உண்டு, தோற்றவன் உண்டு, அடுத்த சண்டைக்கு விதையும் உண்டு. இங்கே பேசிப் பேசிக் களைத்துப்போவதுதான் தீர்ப்பு.

இதே நூலில் ஒரு சிறு பத்தி இருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டு கெரில்லாக்களை எதிர்க்கப் பிரிட்டிஷார் செமாய்களையும் படையில் சேர்த்தார்கள். அப்படிப் போய்வந்த ஒருவர் சொன்னதை டென்டன் தருகிறார். நாங்கள் கொன்றோம், கொன்றோம் என்கிறார். மற்றவர்கள் நின்று செத்தவர்களின் பையைத் துழாவிக் கடிகாரமும் காசும் எடுத்தார்கள், எங்களுக்கு அந்த நினைப்பே இல்லை என்கிறார். கடைசியில், ரத்தத்தால் அப்படி ஆகிவிட்டோம் என்று ஒரு சொல் போடுகிறார். டென்டன் அதை ஆங்கிலத்தில் 'ரத்தக் குடிபோதை' என்று பொருள் வருமாறு பெயர்த்தார்.

அந்தப் பத்திக்கு இறக்கை முளைத்துவிட்டது. சமூக உயிரியலின் தந்தை என்று சொல்லத்தக்க எட்வர்ட் வில்சன் 1978-ல் எழுதிய 'ஆன் ஹியூமன் நேச்சர்' நூலில், மூர்க்கம் மனிதனிடம் பிறவியிலேயே இருக்கிறது என்ற வாதத்துக்கு இந்தப் பத்தியைச் சாட்சியாக வைத்தார். உலகத்திலேயே சாதுவான ஜனங்கள், கையில் துப்பாக்கி கொடுத்ததும் ரத்தபோதை தலைக்கேறிவிட்டது பாருங்கள் என்று. அடுத்த ஆண்டு அந்த நூலுக்குப் புலிட்சர் பரிசு. அதற்குப் பிறகு மிருகம் விழிக்கும் இடங்களிலெல்லாம் செமாய்களையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். தம்பியின் வாக்கியமும் வில்சனின் சாட்சியும் ஒரே வார்ப்புத்தான். ஒருவர் பினாங்கில் கதை எழுதுகிறார், மற்றவர் ஹார்வர்டில் பாடம் நடத்தினார்.

1987-ல் கிளேட்டன் ரோபர்செக் என்பவர் டென்டனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தன் வாக்கியம் போய்ச்சேர்ந்த இடத்தைப் பார்த்து, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவரே திரும்பி வந்திருக்கிறார். செமாய் மொழியில் அந்தச் சொல் கள் குடித்தால் வரும் நிலைக்கு மட்டும் உரியதில்லை, தலை சுற்றுவது, குமட்டுவது, நிதானம் தப்புவது எல்லாவற்றுக்கும் அதுதான் என்று விளக்கினார்கள். ரத்தத்தைப் பார்த்தால் வரும் மயக்கம். கொல்லும் ஆசை பொங்குவதைச் சொல்லும் சொல் அது இல்லை.

இதைப் படித்தபோது எனக்குத் திடுக்கென்று இருந்தது, ஏனென்றால் மலேசியாவில் வாழும் நமக்கு இந்தச் சிக்கலில் சிக்கலே இல்லை. மலாயில் 'மாபோக்' என்றால் குடித்தவனும்தான், 'மாபோக் லாவுட்' என்றால் படகில் வாந்தி எடுப்பவன், 'மாபோக் டாரா' என்றால் ரத்தத்தைப் பார்த்துச் சாய்பவன். தமிழில் 'மயக்கம்' இருக்கிறது. வெயிலில் நின்ற பிள்ளைக்கு வருவதும் மயக்கம், கள்ளில் வருவதும் மயக்கம், காதலில் வருவதும் மயக்கம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரே கதவுதான் திறந்திருந்தது, அதன் வழியாக மொத்தச் செமாய் இனமும் போதையில் ஆடிக்கொண்டு உள்ளே போனது. அங்கே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்து 'ரத்த மயக்கம்' என்று போட்டிருந்தால், வில்சனால் அதை மேற்கோள் காட்டியிருக்க முடியுமா? அதே மொழிபெயர்ப்பாளர் 'ரத்தவெறி' என்று போட்டிருந்தால் டென்டனைவிட மோசமாக ஆகியிருக்கும் என்பதும் உண்மை.

வெறி என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சங்கப் பாடல்களில் வெறியாடுபவன் வேலன். அவன்மேல் முருகன் ஏறுகிறான். வெறி வெளியிலிருந்து வந்து ஏறுவது, ஆட்டம் முடிந்ததும் இறங்குவது. இன்றைக்கு நாம் எழுதும் 'கொலைவெறி' உள்ளுக்குள்ளேயே கிடந்து வெளியே வருவது. எப்போது இப்படித் திரும்பியது என்று யாராவது அகராதிகளை வைத்து எழுதினால் நன்றாக இருக்கும்.

ரோபர்செக்கும் டென்டனும் சொல்வதைக் கடைசி வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் கொன்றோம் என்று சொன்னது சொன்னதுதான், அதை மயக்கத்தில் கரைத்துவிட முடியாது. ஆனால் கடிகாரமும் காசும் எடுக்கத் தோன்றவில்லை என்று அவர் சொல்வதை மறுபடி படித்துப் பாருங்கள். கொலையில் ருசி கண்டவன் இப்படிச் சொல்வானா, இல்லை, பக்கத்தில் நின்றவன் பையைத் துழாவும்போது கைகால் விளங்காமல் நின்றவன் சொல்வானா? எனக்கு இரண்டாவதுதான் காதில் விழுகிறது. ஒரு நல்ல சிறுகதையின் நடுப்பகுதி அதில் இருக்கிறது.

சொல்லில் நடந்தது எண்ணிலும் நடந்தது. அதே 1987-ல் புரூஸ் நாஃப்ட் என்பவர் எளிய சமூகங்களின் கொலை விகிதங்களை ஒப்பிட்டு எழுதினார். செமாய்களுக்கு ஆண்டுக்கு லட்சம் பேரில் 30 கொலை என்று வந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 1955-க்கும் 1977-க்கும் இடையே தெரியவந்த கொலைகள் இரண்டு. அந்த இரண்டை அவர் சுமார் 300 பேரால் வகுத்திருக்கிறார். அந்த இரண்டும் 300 பேரில் நடந்ததில்லை, அன்றிருந்த சுமார் 15,000 செமாய்களில் நடந்தது என்று டென்டன் பதில் எழுதினார். அப்படி வகுத்தால் லட்சத்துக்கு ஒன்றுகூட வராது. மேலே இருக்கும் இரண்டு அப்படியே இருக்கிறது. கீழே இருப்பதை மாற்றினால் ஒரே ஜனம் அரக்கராகவும் ஆகிறது, முனிவராகவும் ஆகிறது.

முனிவர் என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. டென்டன் நூல்மீது என் குறையே அந்தத் தலைப்புத்தான். ஒரு ஜனத்தை 'வன்முறையற்றவர்கள்' என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், யாராவது வந்து கல் எறிந்து பார்க்கத்தான் செய்வார்கள். செமாய்களுக்கு வடக்கே வாழும் தெமியார்களை இப்படித்தான் கனவுலக மக்கள் என்று கொண்டாடினார் பேட் நூன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். அவர்களிடையே மணமும் செய்துகொண்டார். ஜப்பானியர் காலத்தில், 1943-ல், காட்டில் காணாமல் போனார். நெருங்கிப் பழகிய தெமியார்களே அவரைக் கொன்றார்கள் என்று பிற்பாடு கண்டறிந்தவர் அவருடைய தம்பி ரிச்சர்ட் நூன். 1956-ல் பூர்வகுடிகளைக் கொண்டு 'செனோய் பிராக்' என்ற படையை உருவாக்கியவரும் இதே தம்பிதான்.

செமாய்களின் சாந்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கு டென்டன் 2008-ல் எழுதிய பெரிய நூலில் சொல்லும் பதில் இதையெல்லாம்விட அழுத்தமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்தக் காடுகளில் அடிமை வேட்டை நடந்தது. பெரியவர்களைக் கொன்று பிள்ளைகளைப் பிடித்துப்போவார்கள். பேராக்கில் 1880-களில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. 'சகாய்' என்ற இழிசொல்லே அந்தக் காலத்தின் மிச்சம், நம் தோட்டத்துப் பெரியவர்கள் வாயிலும் அது புழங்கியது. எதிர்த்து நின்றால் சாவு, ஓடினால் பிழைப்பு என்ற உலகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இடி இடித்தாலும் பயம், அந்நியன் வந்தாலும் பயம். அவர்களுடைய அமைதி மரபணுவிலிருந்து வந்த வரமில்லை. அடிபட்டு அடிபட்டுக் கட்டிக்கொண்ட ஏற்பாடு. அமைதிக்கு வரலாறு உண்டு என்றால் கொலைக்கும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்றால், மிருகம் விழித்தது என்று எழுதுபவர் யாரைப் பற்றி எழுதுகிறார் என்பதால். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள் என்றது அரசுக் கணக்கு. அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் கோயிலிலும் நான் கேட்கும் ஒரு வசனம்: "நம்ம பசங்க ரத்தத்துலயே இருக்குப்பா." இதைச் சொல்பவர் டார்ட்டையும் படித்ததில்லை, வில்சனையும் படித்ததில்லை. ஆனால் நம் எழுத்தாளர் படித்தவர். அவரும் அதையே கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னால் எப்படி? தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை போய், மலிவு வீடமைப்பில் வந்து விழுந்த குடும்பம் ஒன்றில் பையன் முதலில் யாருக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான், எந்த அண்ணன் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான், எட்டுப் பேர் சேர்ந்து ஒருவனை அடிக்கப் போகும்போது காரில் என்ன பாட்டு ஓடியது என்று எழுத வேண்டிய பக்கங்கள் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போகின்றன.

எழுதவே முடியாத விஷயம் இல்லை இது. 2015-ல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' அதைத்தான் காட்டியது. மலாயின் 'ஜஹாட்' நம் வாயில் ஜகாட் ஆன மாதிரி, அப்போய் என்ற பையன் மெல்ல மெல்ல ஆகிறான். பள்ளியில் அடி, வீட்டில் அடி, அன்பாகப் பேசும் சித்தப்பன் கும்பலில். படம் முழுக்க எனக்குப் படிகள்தான் தெரிந்தன. அதற்கு முன்னால், ப. சிங்காரம் இருக்கிறார். 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'யில் ஜப்பானியர் மேடானுக்குள் நுழைந்ததும் வெட்டிய தலைகளைப் பார்வைக்கு வைக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். வெறி என்று எதுவும் அங்கே இல்லை, கடைச் சரக்குமாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டம் வந்து பார்க்கிறது. சிங்காரம் யாருடைய நெஞ்சுக்குள்ளும் மிருகத்தைத் தேடிப் போகவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தச் செமாய்ப் பத்தியை ஒருவர் தமிழாக்கிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு என்ன போடுவது என்று என்னிடம் கேட்டார். வெறியும் வேண்டாம், போதையும் வேண்டாம், மயக்கம்கூடக் கொஞ்சம் சாதுவாகிவிடும், 'மாபோக்' என்றே விட்டுவிடுங்கள் என்றேன். பினாங்கில் அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.